மாணவர்களுக்கான வேலைவாய்ப்பு முகாம்: தேதி குறிப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

வேலைவாய்ப்பு முகாம் நடத்தப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கம்பெனி வருது?" என்பதுதான். பேனரில் போட்டுக்கொள்ள அது நல்ல எண். முகாம் உருப்படியாக நடக்குமா என்பதை அது சொல்லாது. வந்த மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறுவனத்தின் ஆளோடு நிதானமாகப் பேச எத்தனை நிமிடம் கிடைக்கும் என்ற கணக்குதான் அதைச் சொல்லும். ஹாலின் அளவு, நேரம், தன்னார்வலர் எண்ணிக்கை, வரிசை எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து வருபவை. முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.

நிமிடக் கணக்கு

ஒரு மாணவர் ஸ்டாலுக்கு வந்து, தன்னை அறிமுகம் செய்துகொண்டு, ரெஸ்யூமைக் கொடுத்து, இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தானும் ஒரு கேள்வி கேட்டு நகர ஆறு நிமிடமாவது ஆகும். அதைவிடக் குறைத்தால் ரெஸ்யூமைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவதற்கும் முகாமுக்கும் வித்தியாசம் இல்லை.

30 நிறுவனங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பிரதிநிதிகள், மொத்தம் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிநிதி மணிக்குப் பத்துப் பேரைப் பார்க்கலாம். 60 பிரதிநிதிகள் ஐந்து மணி நேரத்தில் 3,000 உரையாடல்களை முடிக்க முடியும். இது காகிதக் கணக்கு. தாமதமாக வருபவர், போன் வந்து வெளியே போகிறவர், சாப்பாட்டுக்கு எழுந்தவர், நான்கு மணிக்குப் பஸ் என்று மூன்றரைக்கே மூட்டை கட்டுகிறவர் எல்லோரையும் நினைத்து 30 சதவீதத்தைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது 2,100. ஒரு மாணவர் நான்கு நிறுவனங்களையாவது பார்த்தால்தான் வந்ததற்குப் பலன் உண்டு. 2,100-ஐ நான்கால் வகுத்தால் 525. அதாவது இந்த முகாம் தாங்கும் கூட்டம் ஏறக்குறைய 500 பேர்.

இதே ஏற்பாட்டில் 1,500 பேரைக் கூட்டினால் படம் பிரமாதமாக வரும். ஆளுக்கு ஒன்றரை உரையாடல்கூடக் கிடைக்காது. கூட்டம் அதிகமாக வரும் என்று தெரிந்தால் வழி மூன்றுதான்: பிரதிநிதிகளை அதிகப்படுத்துவது, இரண்டு நாளாக நடத்துவது, பதிவை நிறுத்துவது. மூன்றாவதைச் செய்யப் பலருக்கும் மனம் வராது. செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது பொருத்தக் கணக்கு. மாணவர்களைப் படிப்புப் பிரிவு வாரியாக எண்ணுங்கள். உதாரணமாக வணிகவியல் 200, கணினி 160, இயந்திரவியல் 80, மொழி மற்றும் சமூக அறிவியல் 60. ஒவ்வொரு பிரிவு மாணவரையும் வேலைக்கு எடுக்கத் தயாராக உள்ள நிறுவனங்கள் குறைந்தது ஐந்தாவது இருக்கின்றனவா என்று ஒரு அட்டவணையில் குறித்துப் பாருங்கள். 30-இல் 22 நிறுவனங்கள் கணினி மாணவர்களையே கேட்டால், மற்ற 340 பேரும் எட்டு ஸ்டால்களைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மொழி மாணவர்களுக்கு எந்த நிறுவனம் வரும் என்று கைவிரிக்க வேண்டாம். பதிப்பகம், விளம்பர நிறுவனம், மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் சேவை, பள்ளி நிர்வாகம், தொண்டு நிறுவனம் என்று தேடினால் கிடைக்கும். அவர்களாகத் தேடி வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

தேதியும் 16 வாரங்களும்

முதன்முறை நடத்துகிறவர்களுக்கு 16 வாரம் வேண்டும். பழகிய குழு பத்து வாரத்தில் முடிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவர்களிடம் நிறுவனத் தொடர்புகள் ஏற்கெனவே கைவசம் இருக்கும்.

தேதியை வார நடுவில் வையுங்கள். வாரத்தின் முதல் வேலைநாளில் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) ஆட்களுக்கு உள் கூட்டங்கள் இருக்கும். கடைசி வேலைநாளில் மதியத்துக்கு மேல் ஸ்டாலில் ஆள் நிற்காது. மாதக் கடைசி, நிதியாண்டு முடிவு, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம், நீண்ட விடுமுறையை ஒட்டிய நாள் இவை எதுவும் ஆகாது. பக்கத்துக் கல்லூரி முகாமும் அதே வாரத்தில் என்றால் போட்டி போடாதீர்கள். அவர்களிடம் பேசி அடுத்தடுத்த நாளில் வைத்தால், வெளியூர் நிறுவனங்கள் ஒரே பயணத்தில் இரண்டுக்கும் வந்துவிட்டுப் போகும்.

வேலைகளின் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும் (எண்கள் முகாமுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்பதைக் குறிப்பவை):

16-ஆவது வாரம்: குழு, தேதி, ஹால் முன்பதிவு. முகாமுக்கு முந்தைய நாள் மதியத்திலிருந்தே ஹால் உங்கள் கையில் இருக்குமாறு எழுதி வாங்குங்கள். முதல் நாள் இரவு அங்கே வேறு நிகழ்ச்சி இருந்தால், விடியற்காலை நான்கு மணிக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.
14: நிறுவனங்களுக்கு அழைப்பு.
12: பதில் வராதவர்களுக்குப் போன்.
8: பாதிப் பேராவது உறுதி செய்திருக்க வேண்டும். எந்தப் பிரிவுக்கு நிறுவனம் குறைகிறது என்று பார்த்து, இனி அதற்கு மட்டும் தேடுங்கள்.
6: மாணவர் பதிவு ஆரம்பம்.
4: நிறுவனப் பட்டியல் மூடல், வேலை விவரங்கள் முழுமையாகக் கையில் இருக்க வேண்டும்.
3: ஸ்டால் வரைபடம், மாணவர் கையேடு, ரெஸ்யூம் திருத்தம்.
1: தன்னார்வலர் பயிற்சி, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கடைசியாக ஒரு போன்.

குழுவில் ஆறு பொறுப்புகள் இருந்தால் போதும்: ஒருங்கிணைப்பாளர், நிறுவனத் தொடர்பு, மாணவர் தயாரிப்பு, இடமும் மின்சாரமும், பதிவும் கணினியும், பணம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குழுவில் ஒரே ஒருவர்தான் தொடர்பாளர். மூன்று பேர் ஆளுக்கொரு முறை அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டால், எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் ஏற்பாட்டைப் பற்றிய அபிப்பிராயம் அப்போதே உருவாகிவிடும்.

பட்ஜெட்டில் ஹால் வாடகை, மேசை நாற்காலி, மின் வேலை, அச்சு, உணவும் தண்ணீரும், போக்குவரத்து ஆகியவற்றை எழுதிவிட்டு, மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தனியே ஒதுக்குங்கள். நிறுவனங்களிடம் கட்டணம் வாங்குவதாக இருந்தால், சிறு நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் விலக்கு கொடுங்கள். நான்கு பேரை எடுக்க வரும் சிறிய நிறுவனம் ஸ்டால் கட்டணத்தைப் பார்த்துத் தயங்கும். மாணவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கவே கூடாது.

நிறுவனங்களை வரவைப்பது

முன்பின் தொடர்பில்லாத நிறுவனங்களை மட்டும் நம்பி 30 ஸ்டால்களை நிரப்ப வேண்டுமானால், 120 முதல் 150 அழைப்புகள் வரை அனுப்பத் தயாராக இருங்கள். பொது மின்னஞ்சல் முகவரிக்குப் போகும் கடிதங்களைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் உங்கள் முன்னாள் மாணவர் ஒருவரைப் பிடித்து, யாருக்கு எழுதுவது என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். முடிந்தால் அவரையே பிரதிநிதியாக வரச் சொல்லுங்கள். போன வருடம் இதே நாற்காலியில் இருந்தவர் ஸ்டாலில் உட்கார்ந்திருந்தால் மாணவர்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள்.

அழைப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரியின் பெருமையைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம். மேலே வரவேண்டியவை: தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவில் எத்தனை இறுதியாண்டு மாணவர்கள், நீங்கள் தருவது என்ன (ஒரு மேசை, மூன்று நாற்காலி, மின் இணைப்பு, பெயர்ப்பலகை, வைஃபை, மதிய உணவு), தராதது என்ன, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், யாரை அழைப்பது.

சம்மதம் சொன்னவர்களுக்கு உடனே ஒரு படிவம் அனுப்புங்கள். அதில் கேட்க வேண்டியவை:

பெயர்ப்பலகையில் அச்சாக வேண்டிய பெயர், எழுத்துப் பிசகாமல்.
வேலையின் பெயர், காலியிட எண்ணிக்கை, பணியிடம், சம்பள வரம்பு.
முழுநேரமா, பகுதிநேரமா, இன்டர்ன்ஷிப்பா.
எந்தப் படிப்புகளை ஏற்பார்கள், மதிப்பெண் வரம்பு உண்டா, பழைய அரியர் இருந்தால் சேர்ப்பார்களா.
அன்றைக்கே எழுத்துத் தேர்வோ நேர்காணலோ உண்டா, அதற்குத் தனி அறை வேண்டுமா.
காகித ரெஸ்யூம் வாங்குவார்களா, இணையத்தில் மட்டும்தான் விண்ணப்பமா.
வருகிறவர்களின் பெயர், எண்ணிக்கை, வாகன எண், உணவில் விலக்க வேண்டியவை.

காகித ரெஸ்யூம் பற்றிய கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்று ரெஸ்யூமை நீட்டும்போது "எங்க வெப்சைட்ல அப்ளை பண்ணிடுங்க" என்று திருப்பிக் கொடுத்தால், அந்தக் கோபம் முழுவதும் உங்கள் மேல்தான் திரும்பும். நிறுவன விதி அப்படித்தான் என்றால் இருக்கட்டும். முன்பே தெரிந்தால் விண்ணப்ப இணைப்பைக் கையேட்டில் அச்சிட்டு, மாணவர்களை முதலிலேயே விண்ணப்பிக்கச் சொல்லிவிடலாம். ஸ்டாலில் வேலையைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

தொழில்நுட்ப வேலைகளுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்திடம், வரும் இருவரில் ஒருவராவது அந்த வேலையைச் செய்பவராக இருக்கட்டும் என்று கேளுங்கள். எச்.ஆர். மட்டும் வந்தால் "அந்த டீம்ல என்ன வேலை இருக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

உறுதி சொன்னவர்களிலும் கடைசி வாரத்தில் மூன்று நான்கு பேர் கழன்றுகொள்வார்கள். 30 ஸ்டால் என்றால் 34 பேரை உறுதிப்படுத்துங்கள். அத்தனை பேரும் வந்துவிட்டால் திண்டாட்டம் ஆகாதபடி, வாசல் முகப்பில் நான்கு மேசைக்கு இடம் ஒதுக்கி வைத்திருங்கள்.

யாரை உள்ளே விடக் கூடாது

முகாமின் பெயரைப் பயன்படுத்தி மாணவர்களிடம் காசு பறிக்க வருபவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. உங்கள் பேனருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டால் மாணவர் சந்தேகப்படவே மாட்டார். நீங்கள் சரிபார்த்துத்தான் விட்டிருப்பீர்கள் என்று நம்புவார். ஆகவே ஒவ்வொரு புது நிறுவனத்துக்கும் பதிவு ஆவணம், அலுவலக முகவரி, நிறுவனத்தின் சொந்த டொமைனில் மின்னஞ்சல் இந்த மூன்றையும் பாருங்கள். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களாகத் தேடி எடுத்து அழைத்து, வரப்போகும் நபர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். அவர் கொடுத்த எண்ணுக்கே அழைத்தால் அது சரிபார்ப்பு ஆகாது.

பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் மாணவரிடம் பணம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஆள் சேர்த்தால் கமிஷன் என்னும் சங்கிலி வியாபாரமும் அப்படியே. சம்பளமே இல்லாமல் கமிஷன் மட்டும் தரும் விற்பனை வேலை என்றால், அதைக் கையேட்டில் பளிச்சென்று எழுதினால்தான் அனுமதி. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிகளிடம், எந்த நிறுவனத்துக்காக எடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேண்டாம். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.

ஹாலும் ஸ்டால் அமைப்பும்

ஒரு ஸ்டாலுக்கு மூன்று மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் ஆழமும் வேண்டும். ஆறடி மேசை, பின்னால் இரண்டு நாற்காலி, நிற்கும் பேனர், முன்னால் மாணவருக்கு ஒரு நாற்காலி இவை அதில் அடங்கும்.

30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளச் சுவர் இரண்டிலும் ஒன்பது ஒன்பதாக 18 ஸ்டால்கள். நடுவில் முதுகோடு முதுகு சேர்த்து ஆறு ஆறாக 12. ஆக 30. சுவர் வரிசைக்கும் நடு வரிசைக்கும் இடையே ஐந்து மீட்டர் நடைபாதை கிடைக்கும். இரு பக்க வரிசைகளும் ஒன்றரை மீட்டர் பிடித்துக்கொண்டாலும் நடக்க இரண்டு மீட்டர் மிச்சம். சக்கர நாற்காலி திரும்புவதற்கு வேண்டிய ஒன்றரை மீட்டரும் அதில் அடங்கிவிடும். ஸ்டால்கள் போக எஞ்சிய 375 சதுர மீட்டரில் 250 மாணவர்கள் நெரிசல் இல்லாமல் இருக்கலாம். 500 பேரை இரண்டு வேளையாகப் பிரிப்பது இதனால்தான். ஹாலுக்கு அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் பிரதிநிதிகளும் தன்னார்வலர்களும் சேர்த்தி. அவசர வழிகளுக்கு முன்னால் பேனர்கூட நிற்கக் கூடாது.

பெயர் பெற்ற நிறுவனத்தை வாசலுக்கு எதிரே வைப்பது எல்லோரும் செய்யும் காரியம். வரிசை வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே போக வழி தேடுகிறவர்களும் அந்த வரிசையிலேயே நின்றுவிடுவார்கள். கூட்டம் இழுக்கும் நான்கு நிறுவனங்களையும் ஹாலின் உள் கோடியிலும் நடு வரிசையின் இரு முனைகளிலும் பிரித்து வையுங்கள். போகிற வழியில் சின்ன நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். ஒரே தொழிலில் உள்ள இருவரை எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். சம்பளம் பற்றிப் பேச இருவருமே தயங்குவார்கள்.

பதிவு மேசை ஹாலுக்கு வெளியே. நேர்காணல் அறைகள் ஹாலிலிருந்து இரண்டு நிமிட நடைக்குள். இன்னொரு கட்டடத்தில் வைத்தால் பாதி மாணவர்கள் வழி தேடுவார்கள். அவர்களுக்காகக் காத்திருந்த பிரதிநிதி ஸ்டாலுக்கும் திரும்ப மாட்டார். அமைதியான அறை ஒன்று தனியாக இருக்கட்டும். செவித்திறன் குறைந்தவர்களுக்கும் இரைச்சலில் பேச முடியாதவர்களுக்கும் அங்கே சந்திப்பு ஏற்பாடு செய்யலாம். யாருக்கு என்ன உதவி தேவை என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிட்டால், சைகைமொழி பெயர்ப்பாளரை முன்கூட்டியே அமர்த்த முடியும்.

மின்சாரத்துக்கு ஒரு ஸ்டாலுக்கு 200 வாட் வையுங்கள். இரண்டு லேப்டாப், இரண்டு போன் சார்ஜர் அதில் அடங்கும். 30 ஸ்டாலுக்கு ஆறு கிலோவாட். நாலைந்து பேர் பெரிய திரை கொண்டுவருவார்கள், அதற்கு இன்னொரு கிலோவாட். மொத்தத்தையும் ஒரே சர்க்யூட்டில் போடாமல் பிரித்துக் கொடுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் எண்ணைச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகுவதைப் பார்த்தால் உடனே எடுத்துவிடுங்கள். தரையில் நடைபாதையைக் கடக்கும் ஒயர் ஒவ்வொன்றின் மேலும் முழு நீளத்துக்கு டேப் ஒட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் முகாம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

வைஃபையை நிறுவனங்களுக்குத் தனி இணைப்பாகக் கொடுங்கள். ஒரே இணைப்பின் பாஸ்வேர்டு 250 போன்களுக்குப் போய்விட்டால் பத்தரை மணிக்கு யாருக்கும் எதுவும் திறக்காது.

மாணவர்களைத் தயார் செய்வது

ஹாலுக்குச் செலவழிக்கும் உழைப்பில் பாதியையாவது இதற்குச் செலவழித்தால்தான் நிறுவனங்கள் அடுத்த வருடமும் வரும். தயாரில்லாத 500 பேரைப் பார்த்துவிட்டுப் போன எச்.ஆர். மரியாதையாக நன்றி சொல்வார். பிறகு போனை எடுக்க மாட்டார்.

முதல் வேலை கையேடு. ஒரே அட்டவணை: நிறுவனம், ஸ்டால் எண், வேலை, ஏற்கும் படிப்புகள், பணியிடம், சம்பளம், விண்ணப்பிக்கும் முறை. முகாமுக்குப் பத்து நாள் முன்பே போனுக்குப் போய்ச் சேர வேண்டும். கையேடு கிடைக்காத மாணவர் நீளமான வரிசையில் போய் நிற்பார், தனக்கு அங்கே வேலை இல்லை என்பதை அரை மணி கழித்துத் தெரிந்துகொள்வார். பதிவின்போதே ஆறு நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எந்த ஸ்டாலில் எவ்வளவு கூட்டம் சேரும் என்பது உங்களுக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அடுத்தது ரெஸ்யூம். ஒன்றைப் படித்துத் திருத்தச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். 500 ரெஸ்யூமுக்கு 83 மணி நேரம். ஒரு பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற வேலையா இது? 12 பேர் ஆளுக்கு ஏழு மணி நேரம் கொடுத்தால் முடியும். முன்னாள் மாணவர்களை இதற்குக் கூப்பிடுங்கள், வீட்டிலிருந்தே செய்யலாம். திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில உண்டு. பழைய போன் எண், விளையாட்டாக வைத்த மின்னஞ்சல் பெயர், எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும் "சவாலான பணியை எதிர்நோக்குகிறேன்" வகை முதல் வரி, புராஜெக்ட்டின் பெயர் மட்டும் இருந்து அதில் தான் செய்தது என்ன என்று இல்லாமை, "ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 2" என்ற கோப்புப் பெயர். புதிதாக வேலை தேடுகிறவருக்கு ஒரு பக்கம் போதும்.

மூன்றாவது, பேச்சு. பெயர், படிப்பு, செய்த ஒரு வேலை, இந்த நிறுவனத்தில் எந்த வேலைக்கு வந்திருக்கிறேன். இந்த நான்கும் அரை நிமிடத்தில் வந்துவிட வேண்டும். வகுப்பில் இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் எச்.ஆராக நடித்து, ஆறு நிமிடம் ஓடவிட்டுப் பழக்குங்கள். "உங்க கம்பெனி என்ன பண்ணுது?" என்ற கேள்வியை மட்டும் ஸ்டாலில் கேட்கவே கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

மாணவர் தகவல் விஷயத்தில் கவனம் வேண்டும். ரெஸ்யூமையும் போன் எண்ணையும் நிறுவனங்களுக்குக் கொடுக்கச் சம்மதம் உண்டா என்று பதிவுப் படிவத்தில் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். எல்லோருடைய எண்ணும் உள்ள பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, சுவரில் ஒட்டுவது இரண்டும் வேண்டாம்.

தன்னார்வலர்

30 பேர் தேவை. வரிசை பார்க்க மூன்று ஸ்டாலுக்கு ஒருவராகப் பத்துப் பேர், பதிவு மேசைக்கு ஆறு, நேர்காணல் அறைகளுக்கு நான்கு, நிறுவன வரவேற்புக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நான்கு, வாசலுக்கு இரண்டு, மீதி நான்கு பேர் எதற்கும் கையிருப்பு. இளைய ஆண்டு மாணவர்களை எடுங்கள். இறுதியாண்டு மாணவர் தன்னார்வலராக நின்றால் தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்து நிற்கிறார் என்று அர்த்தம். தவிர்க்க முடியாவிட்டால், மற்றவர்கள் வருவதற்கு முன் அரை மணி நேரம் ஸ்டால்களைச் சுற்றிவர அவர்களுக்கு அனுமதி கொடுங்கள்.

பயிற்சியை ஹாலிலேயே நடத்துங்கள். கழிப்பறை, குடிநீர், முதலுதவி, அவசர வழி, நேர்காணல் அறை எங்கே என்று ஒவ்வொருவரும் கேட்ட நொடியில் கைகாட்ட வேண்டும்.

முகாம் நாள்

காலை 7 மணிக்குத் தன்னார்வலர்கள், 8 முதல் 9.15 வரை நிறுவனங்கள், 9.30-க்கு மாணவர் பதிவு, 10 முதல் 12.30 வரை முதல் அணி, 1.30 முதல் 4 வரை இரண்டாம் அணி.

அணி பிரிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. காலையில் கணினிப் பிரிவு, மதியம் வணிகவியல் என்று பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் காலையில் கணினி நிறுவனங்கள் மூச்சுவிட முடியாமல் திணறும்போது வங்கிக்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதியம் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு அணியிலும் எல்லாப் பிரிவும் கலந்திருக்க வேண்டும். பதிவு எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பிரித்தாலே போதும்.

தொடக்க விழா வேண்டுமா என்று குழுவில் ஒரு விவாதம் நடக்கும். கணக்கைச் சொல்லுங்கள்: 60 பிரதிநிதிகளை 45 நிமிடம் மேடைக்கு முன் உட்கார வைத்தால் போவது 450 உரையாடல்கள். விருந்தினர் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் 9.30-க்கு, வெளியே காத்திருக்கும் மாணவர்களுக்கு, பத்து நிமிடம் பேசட்டும். பிரதிநிதிகள் ஸ்டாலை விட்டு எழ வேண்டாம். ஹாலுக்குள் பாட்டும் வேண்டாம், ஓயாத மைக் அறிவிப்பும் வேண்டாம். எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழ வேண்டும்.

முன்பதிவு செய்தவருக்குக் கியூஆர் ஸ்கேன் செய்து பேட்ஜ் கொடுக்க 20 வினாடி. நான்கு மேசை இருந்தால் 250 பேர் 21 நிமிடத்தில் உள்ளே போய்விடுவார்கள். முன்பதிவு இல்லாமல் வருபவருக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். அவர்களுக்கு எதிர்ப்பக்கம் தனியாக இரண்டு மேசை. இரண்டையும் ஒரே வரிசையில் விட்டால் எல்லோரும் மூன்று நிமிடக்காரர் ஆவார்கள். இணையம் போனால் என்ன செய்வது? பெயர்ப்பட்டியலை அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வைத்திருங்கள்.

ஒரு ஸ்டாலில் வரிசை 12 பேரைத் தாண்டினால் கடைசி ஆளுக்கு 36 நிமிடக் காத்திருப்பு. அப்போது தன்னார்வலர் வரிசையை மூடி, "11.20-க்கு வாருங்கள்" என்று நேரம் எழுதிய டோக்கன் கொடுத்து மற்ற ஸ்டால்களுக்கு அனுப்ப வேண்டும். டோக்கனை எண்ணாக மட்டும் கொடுத்தால் யாரும் நகர மாட்டார்கள். எண் தவறிவிடுமோ என்று அங்கேயே நிற்பார்கள்.

வராத நிறுவனத்தின் ஸ்டாலைப் பத்தரைக்குக் கலைத்துவிடுங்கள். பெயர்ப்பலகை இருந்து ஆள் இல்லாவிட்டால், மாணவர்கள் மறுபடி மறுபடி வந்து பார்ப்பார்கள். முகப்பில் இருப்பவரை அங்கே கூட்டிவரலாம். எண் மாற்றத்தைப் பதிவு மேசையிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

பிரதிநிதிகள் சீக்கிரம் கிளம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் பசி, தாகம், அல்லது கடைசி ஒரு மணி நேரத்தில் ஆள் வராதது. முதல் இரண்டுக்கும் ஸ்டாலுக்கே தண்ணீரும் டீயும் போக வேண்டும். உணவுக்கு இருவரும் ஒன்றாக எழாமல் மாற்றி மாற்றிப் போகலாம் என்று காலையிலேயே சொல்லுங்கள். மூன்றாவதற்கு மருந்து, மூன்று மணிக்கு மேல் இளைய ஆண்டு மாணவர்களை இன்டர்ன்ஷிப் கேட்க உள்ளே விடுவது.

"உன்னை எடுத்துவிட்டோம்" என்று ஸ்டாலிலேயே சொல்வார்கள். ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை அது வேலை ஆகாது, வேறு நேர்காணலை விட்டுவிட வேண்டாம் என்று வெளிவாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். பாண்டு (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்ற உறுதிப் பத்திரம்), ஒப்பந்தம் எதிலும் அன்றே கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க வேண்டும்.

முடிந்த பிறகு

கருத்துப் படிவத்தை நிறுவனங்களிடம் மூன்றரை மணிக்கு, ஸ்டாலிலேயே வாங்கிவிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பத்தில் இரண்டு திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். ஐந்து கேள்வி: எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை பேரை அடுத்த சுற்றுக்கு எடுத்தீர்கள், மாணவர்களிடம் என்ன குறை, ஏற்பாட்டில் என்ன குறை, மறுபடி வருவீர்களா.

இரண்டு நாளுக்குள் நன்றிக் கடிதம். இரண்டு வாரம் கழித்து, அடுத்த சுற்றுக்குத் தேர்வானவர்களின் பட்டியலை நிறுவனங்களிடம் கேளுங்கள். ஆறு வாரத்தில் ஆஃபர் லெட்டர் வந்தவர்களின் எண்ணிக்கை. மூன்று மாதத்தில் உண்மையிலேயே வேலையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்திருந்தால் அதை மூன்று பேர் என்று எண்ணுவது முகாம் அறிக்கைகளில் சகஜமாக நடக்கும் பித்தலாட்டம்.

அறிக்கையோடு ஒரு கோப்பையும் தயார் செய்து அடுத்த குழுவுக்குக் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: நிறுவனத் தொடர்புகள், பதில் சொன்னவர், சொல்லாதவர், வராதவர் என்ற குறிப்புடன், கடைசியாகத் திருத்திய ஸ்டால் வரைபடம், மணிக்கு மணி எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற பதிவு, எந்த ஸ்டாலில் வரிசை மூடப்பட்டது, எதில் ஆளே வரவில்லை, எந்த சர்க்யூட்டில் எத்தனை ஸ்டால் ஓடியது, வாங்கிய பொருள்களின் பில், எலக்ட்ரீஷியனின் போன் எண்.